போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை

வீட்டில் எல்லோருடைய போனிலும் வைஃபை வேலை செய்கிறது. டிவியில் படம் ஓடுகிறது. லேப்டாப் மட்டும் ‘இந்த நெட்வொர்க்குடன் இணைய முடியவில்லை’ என்கிறது. மறுநாள் காலையில் மகளுக்கு ஆன்லைன் தேர்வோ, மகனுக்கு வேலைக்கான நேர்காணலோ இருந்தால் வீடே பரபரப்பாகிவிடும். ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், லேப்டாப்பை அணைத்துப் போடுகிறோம், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். அப்படியும் வரவில்லை என்றால் இணைப்பு தந்த நிறுவனத்துக்கு ஒரு போன், சர்வீஸ் கடைக்கு ஒரு போன். இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார்.

இந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையில்லாதது. வைஃபை பெயரைத் தொட்டதிலிருந்து முதல் பக்கம் திறப்பது வரையிலான ஓரிரு நொடிகளில் நான்கு காரியங்கள் வரிசையாக நடந்தாக வேண்டும். ரவுட்டர் அனுப்பும் ரேடியோ அலை லேப்டாப்பை எட்ட வேண்டும். இரண்டிடமும் ஒரே பாஸ்வேர்டு இருப்பதை ஒன்றுக்கொன்று நிரூபிக்க வேண்டும். வீட்டுக்குள் செல்லுபடியாகும் எண் முகவரி ஒன்று லேப்டாப்புக்குக் கிடைக்க வேண்டும். கடைசியாக, இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவதற்கு ஓர் இடம் வேண்டும். இந்த நான்கும் வெவ்வேறு காரணங்களால் தடைப்படும். தடைப்பட்டால் திரையில் தெரியும் அறிகுறிகளும் வேறு வேறு. எந்தப் படியில் வண்டி நின்றது என்று கண்டுகொண்டால் மற்ற மூன்று படிகளையும் தொடவே வேண்டாம். பழுது பார்ப்பதில் பாதி வேலை இதுதான்.

அதற்கு முன் இரண்டு சோதனைகள். முதலாவது, போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். இப்போதைய போன்கள் வைஃபையில் இணையம் வரவில்லை என்று கண்டால் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். ‘போனில் நன்றாக வருகிறதே’ என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது, உண்மையில் வீட்டு இணைப்பே அறுந்திருக்கலாம். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் ரவுட்டர் பெட்டியில் ‘லாஸ்’ என்று குறித்த சிவப்பு விளக்கு எரிந்தால், கண்ணாடி இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். லேப்டாப்பின் மேல் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது சோதனை இன்னும் பயனுள்ளது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பை அதனுடன் இணைத்துப் பாருங்கள். இணைந்துவிட்டால் லேப்டாப்பின் வைஃபை அட்டை, ஆன்டெனா, டிரைவர் எல்லாம் அடிப்படையில் உயிரோடுதான் இருக்கின்றன. தகராறு இந்த லேப்டாப்புக்கும் இந்த ரவுட்டருக்கும் இடையில் மட்டும். ஹாட்ஸ்பாட்டும் கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரை விட்டுவிட்டு லேப்டாப்பை மட்டும் பார்த்தால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

இனி முதல் படிக்கு வருவோம். ரவுட்டர் தன் பெயரைச் சொல்லும் சிறு அறிவிப்பு ஒன்றை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. வழக்கமான இடைவெளி 102.4 மில்லி நொடி, அதாவது நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை. யாரும் கேட்காவிட்டாலும் இரவு முழுக்க அது நடக்கும். அந்த அறிவிப்பில் நெட்வொர்க்கின் பெயர், எந்த வகைப் பாதுகாப்பு, என்னென்ன வேகங்கள் என்ற விவரங்கள் எல்லாம் இருக்கும். லேப்டாப் ஒவ்வொரு சேனலாகத் தாவி இந்த அறிவிப்புகளைச் சேகரித்துத்தான் பட்டியல் காட்டுகிறது. ஆகவே பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே இல்லை என்றால் பாஸ்வேர்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அறிவிப்பு லேப்டாப்பை எட்டவில்லை, அல்லது எட்டியும் அதற்குப் புரியவில்லை.

பட்டியலே காலி, பக்கத்து வீட்டுப் பெயர்கள்கூட இல்லை என்றால், விமானப் பயன்முறை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கும். சில பழைய லேப்டாப்புகளில் பக்கவாட்டில் தனி சுவிட்சே உண்டு. அதுவும் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் பெயரெல்லாம் தெரிகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை என்பதுதான் சுவாரசியமான நிலைமை. அதற்கு மூன்று காரணங்களை முதலில் சந்தேகிக்கலாம்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். விலை குறைந்த பல பழைய லேப்டாப்புகளில் 2.4 மட்டுமே எட்டும் அட்டைதான் இருக்கிறது. ரவுட்டரில் 5 மட்டும் இயங்கினால் அந்த லேப்டாப்பைப் பொறுத்தவரை அப்படி ஒரு ரவுட்டரே இல்லை. அடுத்து சேனல் எண். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் நடைமுறையில் 11 வரைதான். உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த, அமெரிக்கச் சந்தைக்குச் செய்த லேப்டாப் 12-ஆம் 13-ஆம் சேனல்களைக் கேட்கவே கேட்காது என்பது நடக்கக்கூடியது. ரவுட்டர் தானாகச் சேனல் 13-க்கு மாறிய அன்று லேப்டாப்பில் இணைப்பு போய்விடும், போனில் இருக்கும். ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது காரணம்தான் புது ரவுட்டர் வாங்கியவர்களை அதிகம் குழப்புவது. வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வந்தபோது ரவுட்டரின் அறிவிப்பில் புதிய பகுதிகள் சேர்ந்தன. இன்டெல் நிறுவனத்தின் சில பழைய அட்டைகளின் பழைய டிரைவர்கள் அந்தப் புதிய அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் அதை முழுவதுமாகத் தள்ளிவிட்டன. அட்டை நன்றாக இருக்கிறது, அலை வந்து சேர்கிறது, பெயர் மட்டும் பட்டியலில் வராது. டிரைவரைப் புதுப்பித்தால் அந்த நிமிடமே பெயர் தெரியும். டிரைவரை இறக்க இணையம் வேண்டுமே என்றால், போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். போனின் இணையம் கம்பி வழியாகவே லேப்டாப்புக்கு வந்துவிடும். வைஃபை முற்றிலும் செத்துப்போன லேப்டாப்பிலும் பெரும்பாலும் இது வேலை செய்யும் என்பதால் இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: ரவுட்டரை அணைத்துப் போட்ட உடனே 2.4 பெயர் வந்து 5 பெயர் வரவில்லை என்றால் பதற வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே ரேடார் எதுவும் இயங்கவில்லை என்று குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் ரவுட்டர் ஒலிபரப்பலாம் என்பது விதி.

பெயர் தெரிகிறது, ஆனால் இணைவதும் அறுவதுமாக இருக்கிறது என்றால் அலையின் வலிமையைப் பார்க்க வேண்டும். வீட்டு ரவுட்டர் ஒன்று வெளியிடும் சக்தி ஏறத்தாழ 100 மில்லிவாட். பக்கத்து அறையைத் தாண்டி லேப்டாப்புக்கு வரும்போது அளவுகோல் மைனஸ் 70 டிபிஎம் என்று காட்டினால், வந்து சேர்ந்தது 0.1 நானோவாட், புறப்பட்டதில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்து ஒரு திரைப்படத்தையே பிழையில்லாமல் எடுத்துவிடுகிறது நகத்தளவுள்ள சில்லு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மைனஸ் 50 வாக்கில் இருந்தால் சிறப்பு; மைனஸ் 80-ஐ நெருங்கினால் இணைப்பு நிற்காது. ஆப்பிள் லேப்டாப்பில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் இந்த எண் தெரியும்; ஆண்ட்ராய்டு போனுக்கு இதைக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

திரையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரவுட்டரிடமிருந்து லேப்டாப்புக்கு எவ்வளவு வருகிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. திரும்பிப் போவதைக் காட்டுவதில்லை. லேப்டாப் பெரும்பாலும் ரவுட்டரைவிடக் குறைந்த சக்தியில்தான் அனுப்புகிறது. ரவுட்டர் சொல்வது இதற்குக் கேட்கும், இது சொல்வது அதற்குக் கேட்காது. கோடுகள் போதுமான அளவு இருந்தும் இணைய மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேப்டாப்பின் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலான மாடல்களில் அது திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள், மேல் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து தலைமுடியைவிடச் சற்றே தடித்த இரண்டு வயர்கள் கீல் வழியாக இறங்கி, மதர்போர்டின் மேலுள்ள வைஃபை அட்டையில் சின்னஞ்சிறு பொத்தான்போல அழுத்தி மாட்டப்பட்டிருக்கின்றன. கீல் உடைந்து மாற்றியபோதோ, புதிய டிஸ்ப்ளே போட்டபோதோ, தூசு தட்டத் திறந்தபோதோ அந்தப் பொத்தான் கழன்றால் அறிகுறி மிகத் தெளிவாக இருக்கும்: ரவுட்டருக்கு அருகில் இருந்தால் வரும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். மென்பொருளில் எதைச் செய்தாலும் இது தீராது. ஃபார்மட் செய்தாலும் தீராது. அண்மையில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்திருந்தால் சர்வீஸ் செய்தவரிடம் ‘ஆன்டெனா வயர் மாட்டியிருக்கிறதா பாருங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

சிக்னல் நன்றாக இருந்தும் இரைச்சல் அதை மூழ்கடிக்கலாம். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அடுப்பின் அலைவரிசை 2.45. இது பலருக்கும் தெரிந்தது. யூஎஸ்பி 3 போர்ட்டும் இரைச்சல் போடும் என்பது அவ்வளவாகத் தெரியாதது. நொடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடும் அந்தக் கம்பியிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது என்று இன்டெல் 2012இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும்போது மட்டும் வைஃபை தடுமாறினால், அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. 2.4 வரிசையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொரு ரவுட்டருக்கும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. ஒன்றையொன்று உரசாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான். இருபது வீடுகள் மூன்று சேனல்களைப் பங்கிட வேண்டும். ஒரே அலையில் பலர் பேசினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு முதல் நல்ல விடை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த கணினி முனையங்களை ரேடியோவால் இணைத்தார்கள். யாருக்கு எப்போது வேண்டுமோ அனுப்பலாம்; பதில் வராவிட்டால் தற்செயலாகத் தேர்ந்த ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். அலோஹாநெட் என்ற அந்த வலையின் முறை மிக எளியது, ஆனால் நெரிசலில் அலைத்தடத்தின் திறனில் அதிகபட்சம் 18 விழுக்காட்டைத்தான் பயன்படுத்த முடிந்தது. வைஃபை அதை மேம்படுத்தி, பேசுமுன் காது கொடுத்துக் கேட்கிறது. அலை காலியாக இருந்தால் மட்டுமே பேசும். தற்செயல் காத்திருப்பு மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. நெரிசலில் வைஃபை மெதுவாவது இந்தக் காத்திருப்பால்தான்.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதிக்கும் குறைவு. கம்பி கட்டிய கான்கிரீட், தண்ணீர், உலோகம் மூன்றும் இவற்றுக்குப் பெரிய தடை. ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு அடுத்த அறையில் சிக்னல் தேடுவது வீண் வேலை. உலோகம் அலையைத் தடுப்பதோடு திருப்பியும் அனுப்புகிறது; ஒரே செய்தி நேராக ஒரு முறை, பீரோவில் பட்டு ஒரு முறை, தரையில் பட்டு ஒரு முறை என்று சற்றுச் சற்று தாமதமாக வந்து சேர்கிறது. கல் மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் எதிரொலியில் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்புவது போன்ற நிலை இது. இதைத் தீர்த்த பெருமையில் கணிசமான பங்கு ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் ஓ’சல்லிவன் குழுவுக்கு உண்டு. அவர் ரேடியோ வானியலாளர். வெடிக்கும் சிறு கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய ரேடியோத் துடிப்புகளை 1970களில் தேடினார், கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் பழகிய கணித உத்திகள் பின்னர் வீட்டுக்குள் எதிரொலிக்கும் அலைகளைப் பிரித்தெடுக்க உதவின. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஒரு வேகமான ஓட்டத்துக்குப் பதிலாக, மெதுவான பல ஓட்டங்களாகச் செய்தியைப் பிரித்து அனுப்புவது அதன் சாரம். ஒவ்வோர் ஓட்டமும் மெதுவாக இருப்பதால் எதிரொலி அதைக் குலைப்பதில்லை. 1999இல் வந்த 5 கிகாஹெர்ட்ஸ் தரம் செய்தியை 48 ஓட்டங்களாகப் பிரித்தது.

இப்போது இரண்டாம் படி, பாஸ்வேர்டு. நான் மிகவும் ரசிக்கும் பகுதி இது. நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு ஒருபோதும் காற்றில் போவதில்லை. 2004 முதல் வழக்கில் இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில், லேப்டாப் உங்கள் பாஸ்வேர்டையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் கணக்கிட்டு 256 பிட் நீளமுள்ள சாவி ஒன்றைச் செய்கிறது. ரவுட்டரிடமும் அதே சாவி இருக்கும். பிறகு நான்கு செய்திகள். ரவுட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். லேப்டாப் தன் தற்செயல் எண்ணையும், சாவியைக் கொண்டு போட்ட ஒரு முத்திரையையும் திருப்பி அனுப்பும். ரவுட்டர் அதே கணக்கைத் தானும் போட்டு முத்திரை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போனால் தன் முத்திரையை அனுப்பும். லேப்டாப் அதைச் சரிபார்த்து முடித்துவைக்கும். வழியில் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டவருக்கும் பாஸ்வேர்டு நேராகக் கிடைக்காது. ஊகித்து ஊகித்துக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் முடியும்.

முத்திரை ஒத்துப்போகாவிட்டால் ரவுட்டர் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று பதில் சொல்வதில்லை. பேசாமல் இருக்கிறது, முதல் செய்தியை மறுபடி அனுப்புகிறது, சற்று நேரத்தில் தொடர்பை அறுக்கிறது. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம் என்று லேப்டாப்தான் ஊகித்துக்கொள்கிறது. அலை மிகவும் பலவீனமாக இருந்து அந்த நான்கு செய்திகளில் ஒன்று தொலைந்தாலும் அதே ஊகம், அதே எச்சரிக்கைதான் வரக்கூடும். பாஸ்வேர்டு சரி என்று உறுதியாகத் தெரிந்தும் லேப்டாப் ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் அருகில் போய் ஒரு முறை முயலுங்கள். அங்கே ஏற்றுக்கொண்டால் பிரச்சினை அலையில்தான்.

நெட்வொர்க்கின் பெயரும் சேர்ந்துதான் சாவி உருவாகிறது என்பதால் நடைமுறையில் ஒரு வசதி உண்டு. ரவுட்டரை மாற்றும்போது பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் பாதுகாப்பு வகையையும் அப்படியே எழுத்துப் பிசகாமல் வைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தாமாக இணைந்துவிடும். பெயர் அதே, பாதுகாப்பு வகை மட்டும் வேறு என்றால் லேப்டாப் சேமித்து வைத்த பழைய குறிப்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். அந்த நெட்வொர்க்கை ‘மறந்துவிடு’ என்று சொல்லிவிட்டுப் புதிதாகச் சேர வேண்டும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் இயங்கும்படி அமைத்த ரவுட்டரில் பழைய லேப்டாப் எத்தனை சரியான பாஸ்வேர்டு அடித்தாலும் நுழையாது. டபிள்யூபிஏ2-க்கு மாற்ற வேண்டும்.

பெயரைத் தமிழில் வைக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. வைஃபை பெயருக்கு உள்ள இடம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். வழக்கமான யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘தமிழ்’ என்ற பெயர் 15 பைட் எடுக்கும். ‘பூந்தோட்டம்’ 33 பைட். ஒரே ஒரு பைட்டால் இடம் போதாமல் போகும். பழைய கருவிகள் சிலவற்றில் தமிழ்ப் பெயர் புரியாத கோடுகளாகவும் தெரியும். வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, சுருக்கமாக வையுங்கள்.

மூன்றாம் படியில் ரவுட்டர் லேப்டாப்புக்கு ஒரு எண் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குத் தருகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். லேப்டாப்பின் நெட்வொர்க் விவரங்களில் முகவரி 169.254 என்று தொடங்கினால் அது ரவுட்டர் தந்ததல்ல. கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் லேப்டாப் தானே போட்டுக்கொண்ட எண். அதாவது முதல் இரண்டு படிகளும் முடிந்துவிட்டன, மூன்றாவதில் நிற்கிறது. ஒரே எண்ணில் இவ்வளவு தெளிவான நோய்க்குறி கிடைப்பது அரிது. ரவுட்டரை அணைத்துப் போடுவது உண்மையிலேயே பயன்தரும் இடம் இது; கொடுப்பதற்கு முகவரி இல்லாமல் திணறும் ரவுட்டர் அப்போது தன் பட்டியலைப் புதிதாகத் தொடங்கும். கல்லூரியிலோ அலுவலகத்திலோ கையால் நிலையான முகவரி போட்டுக் கொடுத்திருந்தாலும் வீட்டில் இணையம் வராது. அதை ‘தானியங்கி’ என்று மாற்றினால் போதும்.

நான்காம் படியின் அறிகுறி, ‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’. விண்டோஸ் இதை எப்படி முடிவு செய்கிறது என்றால், மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு சிறு உரைக் கோப்பைக் கேட்டுப் பார்க்கிறது. எதிர்பார்த்த வரி வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்தக் கோப்பை மட்டும் ஏதாவது ஒரு விபிஎன்னோ ஃபயர்வாலோ தடுத்தாலும் இணையம் இல்லை என்றே காட்டும். அதனால் அந்தச் சின்னத்தை நம்பி நிற்காமல் ‘பிங்’ செய்து பாருங்கள். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர், நெட்வொர்க் ஒன்று விசித்திரமாக நடந்துகொண்டபோது காரணம் தேட எழுதிய சிறு நிரல் அது. இன்றும் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. முதலில் ரவுட்டரின் எண்ணை, அடுத்து 8.8.8.8 என்ற வெளி எண்ணை, பிறகு ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைப் பிங் செய்ய வேண்டும். முதலாவதே பதில் தரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். வெளி எண் பதில் தருகிறது, பெயர் தரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில். டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்தால் பெரும்பாலும் தீரும். மூன்றும் பதில் தந்தும் பக்கங்கள் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அந்தத் தவறான தேதியில் எதுவும் செல்லாது.

எல்லோரும் முதலில் செய்யும் ‘அணைத்துப் போடுவது’ பற்றி ஓர் உண்மை பலருக்கும் தெரிய வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, பெரும்பாலான லேப்டாப்புகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முழுமையாக அணைவதில்லை. வேகமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக இயங்குதளத்தின் மையப்பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகின்றன. குழம்பிய வைஃபை டிரைவரும் குழப்பத்தோடு எழும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். பலமுறை அணைத்துப் போட்டும் தீராதது ஒரே ரீஸ்டார்ட்டில் தீர்வது இதனால்தான்.

விண்டோஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. சேமித்த பாஸ்வேர்டுகள், விபிஎன் அமைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்பதால் மேலே சொன்னவற்றையெல்லாம் பார்த்த பிறகு அதற்குப் போங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பலனைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சர்வீஸ்காரரை அழைக்க நேர்ந்தால் ‘நெட் வரவில்லை’ என்று சொல்லாமல், ‘ஹாட்ஸ்பாட்டில் இணைகிறது, வீட்டு ரவுட்டரில் 169.254 முகவரி வருகிறது’ என்று சொல்லுங்கள். அவருக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் பணம் மிச்சம்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரவுட்டரின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதில் குத்தினால் ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். பல ஃபைபர் இணைப்புகளில் நிறுவனத்தார் உள்ளே பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், இணைப்பு அமைப்புகள் எல்லாம் அதோடு போய்விடும். லேப்டாப்பில் மட்டும் இல்லாதிருந்த இணையம் பிறகு வீடு முழுக்க இருக்காது, அவர்கள் ஆள் வந்து மறுபடி அமைத்துக் கொடுக்கும் வரை.